வீடு தேடும் விளையாட்டு

வீடு தேடுவோரின் பின்னே சென்று படம்பிடித்துக் காட்டும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் இன்று உலகெங்கும் பெருகிவிட்டன. அமெரிக்காவிலே 1999ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஹவுஸ் ஹண்டர்ஸ்' இவ்வகையிற் பெரும்புகழ் பெற்றது. 2006இல் அதற்கொரு தம்பி பிறந்து கடல் கடந்தது. பிரித்தானியர் வெயில் நாடுகளிலே வீடு தேடுவதைக் காட்ட 2000ஆம் ஆண்டிலேயே ஒரு நிகழ்ச்சி வந்துவிட்டது. அலாஸ்காவின் பனிக்காட்டிலே குடில் வாங்குவோருக்கென 2012இல் மற்றொன்று எழுந்தது. நகரத்து வீடு அலுத்துவிட்டது போலும்! ஊர் எவ்வளவு தொலைவோ, பாதை எவ்வளவு கரடுமுரடோ, அவ்வளவுக்குச் சுவை மிகுதி என்று தயாரிப்பாளர் எண்ணுகின்றனர். மன்னார்த் தீவிலே தாராபுரத்திலும், கூரைமேற் செய்மதித் தட்டுள்ள வீட்டிலும் கைத்தொலைபேசித் திரையிலும் இவற்றைப் பார்ப்போர் உண்டு.

இவற்றிலே உண்மை எத்துணை, புனைவு எத்துணை என்று ஆராயப் புகுவது அரசியல் வார ஏடொன்றுக்கு ஏற்ற வேலைதானா என்று சிலர் கேட்கலாம். ஏற்ற வேலையே என்பது எம் கருத்து. வீடு என்பது எந்த நாட்டிலும் அரசியல். இந்நாட்டிலோ அது உயிர்ப் பிரச்சினை. அதற்குப் பின்னால் வருவோம். முதலில் அந்நிகழ்ச்சியின் நடைமுறையைப் பார்ப்போம்.

கணவனும் மனைவியும் வருகின்றனர். கணவனுக்குக் கடல் வேண்டும்; மனைவிக்குப் பெரிய சமையலறை வேண்டும். முகவர் ஒருவர் புன்னகையோடு மூன்று வீடுகளைக் காட்டுகிறார். முதல் வீட்டிலே விலை மிகுதி. இரண்டாவது வீட்டிலே இடம் குறைவு. மூன்றாவது வீடு கரையோரத்திலே நிற்கிறது. ஆனாற் கூரை பழுது. இருவரும் ஒரு மாலை வேளையிலே அமர்ந்து மூன்றையும் எடைபோடுகின்றனர். "எதைத் தேர்வார்களோ?" என்று பார்ப்பவர் நெஞ்சு பதைக்கும்போது விளம்பரம் வந்துவிடுகிறது! விளம்பரம் முடிந்ததும் அவர்கள் தேர்ந்த வீட்டிலே, மூன்று மாதங் கழித்து, குழந்தைகளோடு சிரித்துக்கொண்டிருக்கின்றனர்.

2012ஆம் ஆண்டிலே, அந்த அமெரிக்க நிகழ்ச்சியிற் பங்குகொண்ட பெண்மணி ஒருவர் வாய் திறந்தார். அவர் கூறியது இது: தாம் வீட்டை வாங்கி எழுதி முடிக்கும் வரை நிகழ்ச்சிக்காரர் தம்மை ஏற்கவேயில்லை. எழுதி முடித்த பின்னரே கமரா வந்தது. தாம் 'பார்வையிட்ட' ஏனைய வீடுகள் விற்பனைக்குரியனவே அல்ல, நண்பர்களின் வீடுகள். கமரா வருகிறதென்று அந்நண்பர்கள் நாட்கணக்கில் வீட்டைக் கழுவித் துடைத்தார்களாம்! பழைய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பெரிய வீட்டுக்குப் போவதே அக்குடும்பத்தின் நோக்கம். அது சுவையற்ற கதை என்று தள்ளிவிட்டு, இடநெருக்கடியாலே திணறும் குடும்பமாக அவர்களைக் காட்டினர்.

அலைவரிசையினர் இதை மறுக்கவில்லை. தொலைக்காட்சிக்குக் காலமும் செலவும் கட்டுப்பாடானவை. எனவே வீடு வாங்கும் முயற்சியிலே பெரிதும் முன்னேறிவிட்டவர்களைத் தேர்கிறோம் என்று விடையளித்தனர். 'பெரிதும் முன்னேறிவிட்டவர்கள்' என்ற தொடரை வாசகர் ஊன்றிப் பார்த்தல் வேண்டும். உறுதி எழுதிக் கையெழுத்திட்டவன் 'முன்னேறியவன்' என்றால், தாலி கட்டியவனைப் பெண் பார்க்கப் போனவன் என்றும் சொல்லலாமே!

எனினும் நாம் நடுநிலை தவறமாட்டோம். வீடு வாங்குவது மாதக்கணக்கிலே இழுபடும் காரியம். வங்கி கடன் கொடுக்குமா, விற்பவர் மனம் மாறுவாரா என்று ஒருவருக்குந் தெரியாது. படப்பிடிப்புக் குழு ஒன்றை அதுவரை வாயிலிலே நிறுத்திவைத்தால் எந்த அலைவரிசையும் தாங்காது. நடந்ததை மீண்டும் நடித்துக் காட்டுவதிலே தனியே ஒரு பாவமும் இல்லை. மன்னார்க் கரையிலே நாட்டுக்கூத்துப் பார்க்காத ஊர் எது? முடி தரித்து வாளேந்தி ஆடுபவர் அடுத்த வளவுக்காரர் என்பது கூடியிருக்கும் எல்லார்க்குந் தெரியும். விடிந்ததும் அவர் வலையைத் தோளிலே போட்டுக்கொண்டு கடலுக்குப் போவார். அங்கே ஏமாற்று இல்லை; ஏனெனில் ஒளிப்பு இல்லை. வீடு தேடும் நிகழ்ச்சியோ தன்னைக் கூத்தென்று சொல்லிக்கொள்வதில்லை. இதுதான் மெய், இதோ உங்கள் கண்முன்னே நடக்கிறது என்கிறது.

வினாவிடைப் போட்டிகளிலே விடையை முன்கூட்டிச் சொல்லிக் கொடுத்த ஊழல் அமெரிக்காவிலே 1958இல் வெடித்தது நினைவிருக்கலாம். சார்ள்ஸ் வான் டோரன் என்ற கல்லூரி ஆசிரியர் 1959 நவம்பரிலே சட்டசபைக் குழுவின் முன் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டார். 1960இல் அத்தகைய மோசடிக்கு எதிராகச் சட்டமும் வந்தது. ஆனால் அச்சட்டம் போட்டிகளுக்கே உரியது. வீடு தேடுவது போட்டியன்று. பரிசுப் பணமும் இல்லை. ஆகவே விடை முதலிலும் வினா பின்னரும் வரும் இப்புதிய ஏற்பாட்டை அந்தச் சட்டம் தீண்டாது.

நகரத்திலே எடுக்கப்படும் நிகழ்ச்சியிலே பொய் சொன்னால் அயலவன் கண்டுபிடித்துவிடுவான். "அந்த வீடு விற்பனைக்கு இல்லையே, அது என் மைத்துனர் வீடல்லவா?" என்று கேட்க ஆளிருக்கும். தொலைதூரத்து ஊரிலே அந்தக் காவல் இல்லை. அங்கே வாழ்வோர் அந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதுமில்லை. பார்ப்போர் அங்கே போவதுமில்லை. எனவேதான் தொலைவு கூடக்கூடப் புனைவும் கூடுகிறது என்கிறோம்.

இது இன்று தோன்றிய வழக்கமும் அன்று. 1922இலே றொபேர்ட் ஃபிளாகெர்ட்டி என்பவர் கனடாவின் வடபுலத்து மக்களைப் பற்றி 'நானூக்' என்ற புகழ்பெற்ற படத்தை வெளியிட்டார். பனிக்கட்டியாலே வீடு கட்டி அதற்குள் ஒரு குடும்பம் உறங்கி எழுவதை அதிலே காணலாம். பனிவீட்டுக்குள்ளே கமராவுக்கு வேண்டிய வெளிச்சம் இல்லை. ஆகையால் படத்துக்கென்றே ஒரு பாதி வீடு கட்டப்பட்டது. ஒரு புறம் திறந்து கிடந்த அந்த அரைவீட்டிலே, உறைபனியிலே, அவர்கள் உடை களைந்து உறங்குவதுபோற் கிடந்தனர். நாயகனின் பெயர்கூட நானூக் அன்று. அல்லாக்காரியல்லாக் என்பதே அவர் பெயர். உலகமோ நூறாண்டுகளாக அந்த அரைவீட்டைப் பார்த்து, "ஆ! எத்துணை எளிய வாழ்க்கை!" என்று வியந்து வந்திருக்கிறது.

நூறாண்டுக்கு முந்தியவர்களை விட்டுவிடுவோம். 2011ஆம் ஆண்டிலே பி.பி.சி. ஒளிபரப்பிய 'ஹியூமன் பிளானெட்' தொடரிலே, இந்தோனீசியாவின் பாப்புவாக் காட்டிலே வாழும் கொரொவாய் மக்கள் வானளாவிய மரத்தின் உச்சியிலே வீடு கட்டிக் குடிபுகுவதைக் காட்டினர். உச்சியிலே குழந்தைகளோடு குடியேறும் அக்காட்சியைக் கண்டு மயங்காதார் இல்லை. 2018இலே அதே நிறுவனத்துக்காக மற்றொரு படம் எடுக்கச் சென்றவரிடம் அம்மக்கள் உண்மையைச் சொல்லிவிட்டார்கள்: அவ்வளவு உயரத்திலே நாங்கள் வாழ்வதில்லை, வெளிநாட்டுப் படக்காரர் கேட்டார்கள், கட்டிக் கொடுத்தோம்! தன் ஒழுங்குவிதிகள் மீறப்பட்டன என்று பி.பி.சி. வெளிப்படையாக ஒப்புக்கொள்ள நேர்ந்தது. ஏழு ஆண்டுகள் உலகம் நம்பிய வீடு, ஒருவரும் குடியிராத வீடு!

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கொரொவாய் மக்களைப் பொய்யர் என்று ஒருவரும் சொல்ல முடியாது. கேட்டவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள், கூலி பெற்றார்கள், கேட்டபோது உண்மையையுஞ் சொன்னார்கள். அவர்கள் உண்மையில் எங்கே, எப்படி வாழ்கிறார்கள் என்று அறிய அந்தப் படக்காரருக்கு விருப்பமில்லை. தம் மனத்திலிருந்த வீட்டைத் தேடி அவர்கள் காட்டுக்குப் போனார்கள்.

சரி, அந்தக் கமரா ஒருநாள் தாராபுரத்துக்கு வருகிறதென்று வைத்துக்கொள்வோம்.

எடுப்பதற்குக் காட்சி நிறைய உண்டு. மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்குச் செல்லும் வழியிலே பனையும் மணலும் உப்புக்காற்றும் உள்ள ஊர். தீவிலே அலைந்து திரியும் கழுதைகள் வெளிநாட்டாருக்கு வேடிக்கை. தலைமன்னார்ப் புகைவண்டி 2015 மார்ச்சு முதல் மீண்டும் ஓடுகிறது. தென்கரையிலே 2020இல் நாட்டப்பட்ட முப்பது காற்றாலைகள் சுழல்கின்றன. முகவர் புன்னகையோடு நிற்பார். "ஆளரவமற்ற கரை, அமைதி, விலையும் குறைவு" என்பார். ஆளரவம் ஏன் அற்றது என்று அவர் சொல்லமாட்டார். அதைச் சொன்னால் நிகழ்ச்சி முடிந்துவிடும்.

நாம் சொல்வோம். 1990 ஒக்டோபர் 24ஆம் நாள், மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்கள் 28ஆம் நாளுக்குள் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியிலே அறிவித்தனர். தாராபுரமும் எருக்கலம்பிட்டியும் கரைக்கு நடந்தன. அயலிலே வாழ்ந்த தமிழர் சிலர் மன்றாடியும் பயன் விளையவில்லை. பிள்ளைகளையும் முதியோரையும் சுமந்துகொண்டு, கிடைத்த வள்ளங்களிலே ஏறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வட மாகாணம் முழுவதிலிருந்தும் அந்த மாதத்திலே துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்கள் பேசிய மொழி தமிழ். 1949 முதல் எம் மேடைகளிலே 'தமிழ் பேசும் மக்கள்' என்று முழங்கினோமே, அந்த மக்களுள் அடங்கியவர்கள் அவர்கள். எம் பெயராலே, எம் உரிமையின் பெயராலே, எம்மவர் கையாலே அது நடந்தது. அன்று அதைக் கண்டித்து எழுதிய தமிழ் எழுத்தாளர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கையின் விரல்களே மிஞ்சிவிடும் என அஞ்சுகிறோம். தமிழ் ஏடொன்று பிறநாட்டுத் தொலைக்காட்சியின் பொய்யைக் கிண்டும்போது இந்த மெய்யை மறைத்தல் தகாது.

புத்தளத்திலே ஓலைக் கொட்டிலில் ஆண்டுகள் கழிந்தன. அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கேயே மணமுடித்தார்கள். 2007இலே உலக வங்கி புத்தளத்து வீடமைப்புக்கென 3 கோடி 20 இலட்சம் டொலர் கடன் வழங்கியது. இதற்கிடையே தாராபுரத்துக்குச் சிறுகச் சிறுக மக்கள் திரும்பினர். 2002 ஏப்ரலிலே கிளிநொச்சியில் பிரபாகரனும் ரவூப் ஹக்கீமும் ஒப்பமிட்ட உடன்பாடு திரும்பிவர வழி சொன்னது, அது நீடிக்கவில்லை. 2009க்குப் பின்னரே பலர் துணிந்து வந்தனர்.

வந்தவர்கள் தேடியது மூன்று வீடுகளுள் ஒன்றையன்று. ஒரே ஒரு வீட்டை. தம் வீட்டை. வேலி அழிந்த வளவிலே எல்லைக்குச் சான்று கிணறும் பழைய பனையுமே. ஒரு குடும்பமாகப் போனவர்கள் நான்கு குடும்பமாகத் திரும்பினர். காணி மட்டும் நான்காகவில்லை. உறுதி கடலோடு போயிற்று என்பார் சிலர். அனுமதிப்பத்திரம் தந்தையின் பெயரிலே இருக்கிறது, தந்தை புத்தளத்து மண்ணிலே இருக்கிறார் என்பார் வேறு சிலர். கந்தோரிலே வேறொரு கேள்வி காத்திருந்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர் 'புதியவர்'. அதற்கு முன் இடம்பெயர்ந்தவர் 'பழையவர்'. முதலிலே புதியவருக்கு. இருபது ஆண்டு அகதியாயிருந்ததே ஒரு குற்றம் போலாயிற்று! இந்திய அரசின் உதவியோடு 2012 ஒக்டோபரில் விரிவாகத் தொடங்கிய வீடமைப்பிலே புது வீடொன்றுக்கு 5,50,000 ரூபா கிடைத்தது. நல்ல திட்டம்; பல்லாயிரங் குடும்பங்கள் பயன்பெற்றன. ஆனால் யாருக்கு என்பதைப் புள்ளிகளே தீர்மானித்தன. "உனக்குப் புத்தளத்திலே வீடு உண்டே" என்ற சொல்லுக்கு எத்தனை புள்ளி குறையும் என்பது வரிசையிலே நின்றவர்க்கே தெரியும்.

இவற்றுள் எதைத் தொலைக்காட்சி காட்டியது? சாவி கொடுத்ததைக் காட்டியது. அமைச்சர் நாடா வெட்டினார், பால் பொங்கியது, முதியவள் ஒருத்தி கண்ணீர் துடைத்தாள். இங்கும் அதே முறைதான்: முடிவு எடுத்தாயிற்று, பட்டியல் எழுதியாயிற்று, அதன் பின்னரே கமரா அழைக்கப்படுகிறது. அமெரிக்கத் தம்பதிகளாவது வாங்கிய வீட்டைத் தேடுவதுபோல் நடித்தார்கள். பட்டியலிலே பெயர் விடுபட்டவரை நடிக்கக்கூட ஒருவரும் அழைக்கவில்லை.

சாவியைக் காட்டிய கமரா ஒருமுறை குற்றஞ்சாட்டவும் வந்தது. தாராபுரத்துக்குத் தெற்கே, தீவுக்கு அப்பாற் பெருநிலத்துக் கரையிலே, முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி என்ற ஊர்கள் உள்ளன. 1990இலே அவையும் காலியாயின. இருபது ஆண்டிலே காடு வளர்ந்தது. 2012 ஒக்டோபரிலே அரசு அந்நிலத்தின் ஒரு பகுதியை ஒதுக்குக் காடென்று வர்த்தமானியிலே அறிவித்தது. திரும்பி வந்தவர் வெட்டியது பிறந்த வளவா, அரசின் காடா என்ற வழக்கு அங்கே முளைத்தது. 2015இலே தென்னிலங்கைத் தொலைக்காட்சிகள் அங்கே இறங்கின. வெட்டிய மரமும் புதிய கூரைகளும் திரை முழுவதும் விரிந்தன, "வில்பத்து அழிகிறது!" என்று நாடே கொதித்தது. 1990 என்ற ஆண்டு அத்திரைகளிலே எத்தனை முறை உச்சரிக்கப்பட்டது? 2017 மார்ச்சிலே 40,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை மாவில்லு ஒதுக்குக் காடாக்கும் அறிவித்தலிலே சனாதிபதி சிறிசேன மொஸ்கோவிலிருந்தபடியே ஒப்பமிட்டார்.

மறுபக்கத்தையும் சொல்வது எம் கடன். கல்லாறு ஒதுக்குக் காட்டிலே குடியேற்றத்துக்காக மரம் வெட்டியது சட்டத்துக்கு மாறானது என்றும், மீண்டும் காடு வளர்க்கும் செலவை முன்னாள் அமைச்சர் றிசாட் பதியுதீன் ஏற்க வேண்டுமென்றும் 2020 நவம்பரிலே மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காட்டை வெட்டியது பொய்யன்று. வீடிழந்ததும் பொய்யன்று. திரையிலே ஒன்று மட்டும் இருந்தது. அதனாலேயே மெய்யான படம் பொய்யான செய்தியாயிற்று. அங்கே நடிகர் இல்லை, ஒத்திகை இல்லை, போலி வீடு இல்லை. எனினும் நண்பர் வீட்டைக் கழுவித் துடைத்து எடுத்த அமெரிக்கப் படத்தைவிட அது கொடியது என்போம். அதனால் ஒருவருக்கும் வீடு போகவில்லை.

அதே முசலியிலே முள்ளிக்குளம் என்ற தமிழ்க் கத்தோலிக்க ஊர் உண்டு. 2007இலே மக்கள் வெளியேற்றப்பட்டனர், கடற்படை குடிபுகுந்தது. தம் வீடு நிற்பது தெரியும்; யார் குடியிருக்கிறார் என்பதுந் தெரியும்; உள்ளே போக வழியில்லை. 2017இலே அவர்கள் வாயிலிலே அமர்ந்து போராடிய பின்னரே ஒரு பகுதிக் காணியை விடுவிப்பதாகக் கடற்படை உறுதி கூறியது. வீடு தேடும் நிகழ்ச்சிக்கு இதைவிட வாய்ப்பான கதை வேண்டுமா? தேட வேண்டியதே இல்லை, கண்டுபிடித்தாயிற்று!

எம்மவர் கையிலும் இன்று கமரா உண்டு என்பதை மறந்துவிடலாகாது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் யூடியூப்காரர் ஏழைக் குடிசைகளுக்குள்ளே புகுந்து, அழும் தாயைப் படம்பிடித்து, வெளிநாட்டுத் தமிழரிடம் வீட்டுக்குப் பணம் திரட்டுகின்றனர். அவர்களுள் மெய்யாகவே கூரை போட்டுக் கொடுத்தோரும் உண்டு. ஆனால் 2025 மார்ச்சிலே, உதவி செய்யப் போன இடத்திலே பெண்ணொருத்தியை இழிவாகப் பேசிப் படம்பிடித்தார் என்ற குற்றச்சாட்டிலே ஒருவர் யாழ்ப்பாணத்திற் கைதான செய்தியையும் படித்தோம். பனிவீட்டின் ஒரு புறத்தை வெட்டிவிட்டு உள்ளே பார்த்த கமராதான் இதுவும். குளிரிலே கிடப்பவர் மட்டும் எம்மவர்.

வெளிநாட்டு நிகழ்ச்சிகளை நிறுத்தும் வல்லமை எமக்கில்லை. நிறுத்த வேண்டுமென்று கேட்கவும் இல்லை. பார்ப்போர் பார்க்கட்டும். 'இவ்வீடு முன்னரே வாங்கப்பட்டது. மற்றவை விற்பனைக்கு இல்லை' என்று ஒரு வரி திரையிலே போட்டால் அந்த வழக்கு எம்மளவிலே தீர்ந்தது. இலங்கையின் அரச அலைவரிசைகளை நோக்கியே எம் கோரிக்கை. அவை மக்களுக்குரியவை. அடுத்த முறை மன்னாரிலே சாவி கொடுக்கும் விழாவுக்குப் போகும்போது, மேடைக்கு முன் பிரதேச செயலகத்துக்குச் செல்லட்டும். யார் யார் விண்ணப்பித்தனர், எவர்க்கு எத்தனை புள்ளி, எவர் பெயர் எதனால் விடுபட்டது என்ற பட்டியலைத் திரையிலே காட்டட்டும். பெயர் விடுபட்டவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு தாராபுரத்து வளவுக்குச் செல்லட்டும். "உங்கள் கிணறு எது?" என்று அவரைக் கேட்டு, அவர் காட்டும் வரை கமரா ஓடட்டும்.